வரி முறியும் இடம்

அச்சிட்ட பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி, கண்களைச் சற்றே சுருக்கிக்கொண்டு பார்க்கும் பழக்கம், அச்சுத்தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்களிடம் இன்றும் காணப்படுகிறது. நேராகப் பிடித்தால் கண் சொற்களின் பொருளுக்குள் இறங்கிவிடும்; தலைகீழாகப் பிடிக்கும்போது பொருள் விலகிக் கறுப்பும் வெளுப்பும் மட்டுமே எஞ்சுவதால், அடுத்தடுத்த வரிகளின் சொல்லிடைவெளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து பத்திக்குள் வளைந்திறங்கும் வெள்ளைக் கோடுகள் உடனே புலப்பட்டுவிடும். இக்கோடுகளுக்கு ஆங்கில அச்சுலகம் இட்ட பெயரையே சென்னையின் டைப்செட்டிங் கூடங்களும் எடுத்துக்கொண்டன. “மூணாவது பாராவுல ரிவர் ஓடுது, பார்த்தீங்களா?” என்று ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் குரல் கொடுப்பது அக்கூடங்களின் அன்றாடப் பேச்சாக இருந்தது.

பழைய மெய்ப்புத் தாள்களின் கட்டு ஒன்றைப் பிரிக்கும்போது எழும் மணம், பழுப்பேறிய தாளும் லேசர் அச்சுப்பொறியின் கருந்தூளும் கலந்த மணம், அக்காலத்தை மீட்டுத் தரப் போதுமானது. 1990களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பகங்களின் அறிவியல் இதழ்கள் பெருமளவில் சென்னையிலும் புதுச்சேரியிலும் பக்கமாக்கப்பட்டன. இயற்பியலும் கணிதமும் படித்த இளைஞர்கள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ‘ஹையர்’ முடித்த பெண்கள், ஈயஎழுத்து அச்சகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின் வேலை தேடி வந்த அச்சுக்கோப்பாளர்கள் ஆகிய மூவகையினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, தாங்கள் ஒருபோதும் நேரில் காணப்போகாத ஆசிரியர்களின் கட்டுரைகளுக்கு வரி அமைத்தனர். இக்கட்டுரையாளர் அத்தகைய கூடமொன்றில் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்து, பின்னர்ப் பக்க அமைப்பில் சில ஆண்டுகளைக் கழித்தவர். கட்டிலுள்ள தாள்களில் சிவப்பு மையால் இடப்பட்ட குறிகளில் பெரும்பாலானவை வரிகளின் வலப்புற ஓரத்திலேயே குவிந்திருப்பதை இன்று பார்க்கும்போது, அந்தத் தொழிலின் பாதிக் கவலை வரி எங்கே முறிகிறது என்பதைப் பற்றியதாகவே இருந்தது எனத் தெரிகிறது.

வரி முறிப்பு என்பது ஒரு பத்தியின் சொற்களை, குறித்த அகலமுள்ள வரிகளாக எவ்விடங்களில் துண்டிப்பது என்று முடிவு செய்வதாகும். இருபுற ஓரங்களும் நேராக நிற்க வேண்டுமெனில், ஒவ்வொரு வரியிலும் எஞ்சும் இடத்தைச் சொல்லிடைவெளிகளுக்குப் பங்கிட வேண்டும். இதனை அச்சகத்தார் ‘ஜஸ்டிஃபை’ செய்தல் என்பர். எஞ்சும் இடம் மிகுதியாகிவிட்டால் வரியின் கடைசிச் சொல்லை இரண்டாகப் பிரித்து, முற்பகுதியை இவ்வரியிலும் பிற்பகுதியை அடுத்த வரியிலும் வைக்க நேரும். இது சொல் பிரிப்பு. ஆங்கிலத்தில் பிரிந்த இடத்தில் சிறுகோடு ஒன்றை இடுவது மரபு. இம்மூன்றும் தனித்தனி வேலைகள்போலத் தோன்றினும் ஒன்றை விட்டு ஒன்று நிற்பதில்லை என்பதையும், ஒரு பக்க அமைப்பு மென்பொருளின் தரத்தை எடைபோட இம்மூன்றையும் அது எவ்வாறு ஒருங்கே கையாள்கிறது என்று பார்ப்பதே சரியான வழி என்பதையும் அக்கூடங்களில் இருந்தவர்கள் எந்தப் பாடநூலையும் படிக்காமலே அறிந்திருந்தனர்.

அவர்களுள் ஈயஎழுத்துக் காலத்திலிருந்து வந்தவர்களின் அறிவு விரல்களில் இருந்தது. ஒரு கையில் ‘ஸ்டிக்’ எனப்படும் கோப்புச் சட்டத்தை ஏந்தி, மறுகையால் அறைப்பெட்டியிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிய அவர்கள், வரி முடிவை நெருங்கியதும் சொற்களுக்கிடையே செருகிய ஈயத் துண்டுகளை மாற்றுவர். ‘எம்’ எனப்படும் எழுத்தளவு அகலத்தில் மூன்றிலொரு பங்கு கொண்ட துண்டைப் பெரும்பாலும் முதலில் வைப்பதும், வரி நெருங்கினால் அதனை நான்கிலொரு அல்லது ஐந்திலொரு பங்குத் துண்டாகவும், தளர்ந்தால் அரை எம் துண்டாகவும் மாற்றுவதும் முறை. நல்ல அச்சுக்கோப்பாளர் அத்துடன் நிற்பதில்லை. அடுத்த வரியின் தொடக்கத்தில் நீண்ட சொல்லொன்று வரப்போவதைப் படியில் முன்னரே கண்டுகொண்டு, நடப்பு வரியைச் சற்று நெருக்கியோ விரித்தோ வைத்து அதற்கு வழிசெய்வார்; சில வேளை முடித்து வைத்த வரியையே கலைத்து மீண்டும் அடுக்குவார். கலைத்து அடுக்குவது நேரத்தைத் தின்னும் வேலை. முடித்த எம்களுக்கு ஏற்பக் கூலி பெறுகிறவர் அதை மனமுவந்து செய்தார் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே பழைய நூல்களெல்லாம் அழகாக அச்சிடப்பட்டவை என்ற பொதுவான எண்ணத்தைச் சற்று ஐயத்துடனேயே கொள்ள வேண்டும்.

கணினி இவ்வேலையை ஏற்றபோது, முதலில் அது கற்றுக்கொண்டது அவசரக்காரரின் முறையை. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஒசானா எழுதிய டிராஃப் என்ற நிரல், ஒரு வரியில் கொள்ளுமட்டும் சொற்களை நிரப்பி, அதற்குமேல் கொள்ளாத இடத்தில் முறித்து, முறித்ததைத் திரும்பிப் பாராமல் அடுத்த வரிக்குச் சென்றது. இதனை ‘பேராசை முறை’ என்று கணினியியலார் அழைப்பர். ஒவ்வொரு படியிலும் அப்போதைக்கு நல்லதாகத் தோன்றுவதைப் பற்றிக்கொள்ளும் முறை என்பது அதன் பொருள். 1985இல் வெளிவந்து மேசைப் பதிப்பு என்னும் தொழிலையே தோற்றுவித்த பேஜ்மேக்கரும், அதன் போட்டியாளராக எழுந்த குவார்க் எக்ஸ்பிரஸும், அலுவலகங்களை ஆண்ட மைக்ரோசாஃப்ட் வேர்டும் வரிவரியாகவே முறித்தன. சொற்களை நிரப்பும் வேகத்தில் அவற்றிடம் குறை காண முடியாது. ஆனால் ஒரு வரியில் சேர்ந்த நற்பேறு அடுத்த வரியின் தலையில் கேடாக விடிவதை அவை அறிய வழியில்லை.

இதற்கு மாறான முறை, ஒரு நூலாசிரியரின் மனக்கசப்பிலிருந்து பிறந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் க்னூத், கணினி நிரலாக்கக் கலை பற்றித் தாம் எழுதிவந்த பெருநூலின் இரண்டாம் தொகுதிக்கான மறுபதிப்பு மெய்ப்பை 1977இல் பெற்றார். முதற்பதிப்பு மானோடைப் இயந்திரத்தின் ஈயஎழுத்தில் அமைந்திருந்தது. மறுபதிப்போ அந்நாளில் பரவிவந்த ஒளியச்சுக் கோப்பில் அமைந்திருந்தது. அதன் தோற்றம் அவருக்கு அறவே பிடிக்கவில்லை. எழுத்து வடிவமும் பக்க அமைப்பும் இறுதியில் சுழியும் ஒன்றும்தானே என்ற எண்ணத்துடன் அவர் தொடங்கிய பணியே டெக் என்ற மென்பொருளாக வளர்ந்தது. அதன் வரி முறிப்பு முறையை அவரும் அவருடைய மாணவர் மைக்கேல் பிளாஸும் 1981இல் நீண்ட ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். பத்தியின் ஒரு வரியையும் தனியே முடிவு செய்யாமல், பத்தி முழுவதையும் பார்த்தபின்பே எல்லா முறிவுகளையும் ஒருசேர முடிவு செய்வது என்பதே அதன் உயிர்.

டெக் மூன்று பொருள்களை மட்டுமே காண்கிறது. எழுத்து என்பது அகலமுள்ள பெட்டி. சொல்லிடைவெளி என்பது ஓரளவு நீளவும் சுருங்கவும் கூடிய பசை. முறியத் தகாத அல்லது முறிந்தால் அழகு குன்றும் இடம் என்பது தண்டம். கணினி நவீனம் எனப்படும் அதன் இயல்பான எழுத்துக் குடும்பத்தில், பத்துப் புள்ளி அளவில், இடைவெளி 3.33 புள்ளி, அது 1.67 புள்ளிவரை நீளலாம், 1.11 புள்ளிவரை சுருங்கலாம். நீளும் விகிதத்தின் முப்படியை நூறால் பெருக்கினால் வருவது அவ்வரியின் ‘கெடுதி’. முழு அளவும் நீண்ட வரிக்கு நூறு. பாதியளவு நீண்ட வரிக்கு ஏறத்தாழ 12 மட்டுமே. இதனுடன் பத்தைக் கூட்டி வர்க்கப்படுத்தியே வரியின் குற்றப்புள்ளியைக் கணக்கிடுவதால், ஒரு வரி குறையின்றி நிற்க இன்னொன்று முழுவதும் விரிந்தால் 12,200 புள்ளிக்குக் குறையாது. இரண்டும் பாதியளவு விரிந்துகொண்டால் ஆயிரத்துக்குள் அடங்கும். சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் பத்தியே வெல்லும் என்பதை இந்த எண்கணிதம் உறுதிசெய்கிறது. நெருங்கிய வரியை அடுத்துத் தளர்ந்த வரி வந்தாலோ, அடுத்தடுத்த இரு வரிகள் சிறுகோட்டில் முடிந்தாலோ தனித்தனியே பத்தாயிரம் புள்ளி கூடும். சொல்லைப் பிரிக்காமலே பத்தி அமைகிறதா என்று முதல் சுற்றில் பார்த்து, அமையாவிடில் மட்டுமே இரண்டாம் சுற்றில் பிரிக்கத் தொடங்குவதும் அதன் நல்லியல்பு.

சென்னைக் கூடத்துக்கு டெக் வந்தபோது அது நன்கு வரவேற்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. திரையில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே எலியால் இழுத்துச் சரிசெய்து பழகியவர்களுக்கு, கட்டளைகளைத் தட்டச்சு செய்து, நிரலை ஓட்டி, பிறகு விளைவைப் பார்ப்பது பெருந்தொல்லையாகப் பட்டது. அதைவிடப் பெருந்தொல்லை, ஏற்கத்தக்க முறிவு எதுவும் கிடைக்காதபோது டெக் வரியை ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவிட்டு, பக்கத்தில் ஒரு கருங்கட்டையையும் வரைந்து, இத்தனை புள்ளி மிகுதி என்று பதிவேட்டில் எழுதிவைப்பது. “இன்னும் ரெண்டு ஓவர்ஃபுல் இருக்குங்க, முடிச்சிட்டு அனுப்பிடுறேன்” என்பது இரவு ஷிஃப்ட்டின் கடைசி வாக்கியமாக இருந்தது. வேறு மென்பொருள்கள் அதே இடத்தில் சொல்லிடைவெளியைத் தாராளமாக விரித்து வேலையை முடித்துவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். டெக்கின் வழக்கமே நேர்மையானது என்று இக்கட்டுரையாளர் அன்றும் எண்ணினார், இன்றும் எண்ணுகிறார். தோற்ற இடத்தைத் தோற்ற இடமென்று காட்டும் கருவியைக் கொண்டுதான் திருத்தம் செய்ய முடியும்.

முன்னாள் அச்சுக்கோப்பாளர் ஒருவர் அக்கூடத்தில் மெய்ப்புப் பிரிவில் இருந்தார். ஒரே கட்டுரையின் பத்தியை, முன்பு பேஜ்மேக்கரில் அமைந்தபடியும் பின்பு டெக்கில் அமைந்தபடியும் எடுத்து அருகருகே வைத்து அவர் நெடுநேரம் பார்த்தது நினைவில் நிற்கிறது. கடைசியில் அவர் சொன்னது, “அஞ்சாவது வரி நல்லா வரணும்னு ரெண்டாவது வரியில கை வச்சிருக்கு, சார்” என்பது. உண்மையில் அப்படித்தான் நடந்திருந்தது. இரண்டாம் வரியில் ஒரு சிறுசொல் கூடுதலாக நெருக்கி ஏற்றப்பட்டிருந்தது. அதனால் மூன்றாம், நான்காம் வரிகள் சற்று நகர்ந்து, பேஜ்மேக்கரில் இரண்டே இடைவெளிகளுடன் பல்லிளித்த ஐந்தாம் வரி சீராகியிருந்தது. அந்த ஒரு சொல்லை அங்கே ஏற்றியிருக்க வேண்டிய தேவை இரண்டாம் வரியை மட்டும் பார்க்கும் எவருக்கும் விளங்காது.

இந்த இயல்பே புதிய சிக்கலொன்றையும் கொண்டுவந்தது. வரிவரியாக முறிக்கும் மென்பொருளில், ஆசிரியர் ஆறாம் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால், மாற்றம் ஆறாம் வரியிலிருந்து கீழ்நோக்கியே செல்லும். மேலுள்ள ஐந்து வரிகளும் அசையா. ஆகவே திருத்திய மெய்ப்பில் குறியிட்ட வரியையும் அதன் கீழுள்ளவற்றையும் பார்த்தால் போதும் என்பது மெய்ப்புத் திருத்துநர்களின் நெடுநாள் வழக்கம். டெக்கிலோ ஆறாம் வரியில் செய்த மாற்றம் இரண்டாம் வரியின் முறிவை மாற்றிவிடக்கூடும். பழைய வழக்கப்படி மேல்வரிகளைப் பாராமல் விட்டதால், அங்கே புதிதாகப் பிரிந்த ஆட்பெயரொன்று அச்சேறி, வெளிநாட்டுப் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்த பிறகே, ஒரு சொல் திருத்தினாலும் பத்தி முழுவதையும் மீண்டும் படிப்பது என்ற விதி அக்கூடத்தில் ஏற்பட்டது.

பக்கத்தின் இறுதியில் ஒரே வரி மிஞ்சி அடுத்த பக்கத்துக்குச் செல்லும் நிலையை நீக்கவும் டெக் ஒரு வசதி தந்தது. ‘லூஸ்னெஸ்’ என்ற அளவுக்கு ஒன்று குறைவு என்று மதிப்பிட்டால், இயலுமாயின் அப்பத்தியை ஒரு வரி குறைத்து அமைத்துத் தரும். ஒன்று கூடுதல் என்றால் ஒரு வரி நீட்டித் தரும். வேறு மென்பொருளில் எழுத்திடைவெளியைத் திருட்டுத்தனமாகச் சுருக்கிச் செய்த வேலை அது. எழுத்துகளை நெருக்கிவிட்டு வெளித்தெரியாது என்று நம்பியவர்கள் அன்று பலர். அது எப்போதும் தெரியும்.

சொல் பிரிப்பின் கதை தனியானது. அகராதி முழுவதையும் கணினியில் ஏற்றிவைத்துப் பார்த்துப் பிரிக்கலாம். ஆனால் அக்காலக் கணினிகளில் நினைவகம் அரிது, அகராதியில் இல்லாத சொல்லோ அறிவியல் இதழில் மிகுதி. க்னூத்தின் மாணவர் ஃபிராங்க் லியாங் 1983இல் அளித்த ஆய்வேடு இதற்கு வழி கண்டது. எழுத்துக் கூட்டங்களுக்கிடையே எண்களைப் பொதித்த சிறு வடிவங்களை, ஏற்கெனவே பிரித்துக் காட்டப்பட்ட அகராதியிலிருந்து ஒரு நிரலே கற்றுத் தேர்ந்தெடுக்கும். ஒரு சொல்லில் பொருந்தும் வடிவங்களை எல்லாம் அதன்மேல் படியவைத்து, ஒவ்வோர் இடத்திலும் மிகப் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஒற்றைப்படையானால் பிரிக்கலாம், இரட்டைப்படையானால் கூடாது. அமெரிக்க ஆங்கிலத்துக்கென அமைந்த 4,447 வடிவங்கள், சட்டைப்பை அகராதியொன்றின் பிரிவிடங்களில் ஏறத்தாழ 89 விழுக்காட்டைக் கண்டுபிடித்தன. தவறான இடத்தில் பிரிப்பது அநேகமாக இல்லை. சில இடங்களைத் தவறவிடலாம், தவறாகப் பிரிக்கலாகாது என்ற இந்த முன்னுரிமை தொழிலறிந்தவரின் முன்னுரிமை.

எஞ்சிய விதிவிலக்குகளாகப் பதினான்கு சொற்கள் மட்டும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றைப் பிரிக்கவே கூடாதென்று குறித்திருப்பதற்குக் காரணம், அவை பெயர்ச்சொல்லாக நிற்கையில் ஓரிடத்திலும் வினைச்சொல்லாக நிற்கையில் இன்னோரிடத்திலும் ஒலிப்பில் பிரிவதே. எழுத்துகளை மட்டும் காணும் நிரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. சென்னைக்குத் திரும்பிவந்த மெய்ப்புகளில் மற்றொரு வகைச் சண்டையும் நிகழ்ந்தது. அமெரிக்க மரபு பெரிதும் ஒலிப்பின் வழியே பிரிக்கும். பிரித்தானிய மரபு சொல்லின் வேரைப் பார்த்துப் பிரிக்க விரும்பும். அமெரிக்க வடிவங்களை ஏற்றிவைத்து ஆங்கிலேயரின் இதழை ஓட்டிவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு விழும். பத்தியின் மொழி என்ன என்று மென்பொருளுக்குச் சொல்வது எவ்வளவு இன்றியமையாதது என்ற பாடம் இவ்வாறு, சற்றுச் செலவுடனேயே, கற்கப்பட்டது.

லியாங்கின் வடிவங்கள் டெக்கை விட்டு வெளியே பரவின. டிராஃபின் கட்டற்ற மறுவாக்கமான குரோஃப் அவற்றை ஏற்றுக்கொண்டது. ஓப்பன் ஆஃபிஸும் இணைய உலாவிகளும் அதே வழியைப் பின்பற்றின. ஆயினும் சொல் பிரிப்பைக் கடன்வாங்கியவர்கள் வரி முறிப்பைக் கடன்வாங்கவில்லை என்பது வியப்புக்குரியது. குரோஃப் சொற்களைச் செம்மையாகப் பிரிக்கும். ஆனால் வரிவரியாகவே முறிக்கும். ஆகவே அதில் அமைந்த குறுகிய பத்தியில் பிழையான பிரிவு ஒன்றும் இராது. தேவையற்ற பிரிவுகளோ நிறைய இருக்கும். இரு தரங்களையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

வணிக மென்பொருள்களுள் பத்தி முழுவதையும் பார்க்கும் முறையைப் பரவலாக்கியது 1999இல் வெளிவந்த இன்டிசைன். அதன் பின்னணியில் ஜெர்மானிய எழுத்து வடிவமைப்பாளர் ஹெர்மான் சாப், பீட்டர் காரோவுடன் இணைந்து உருவாக்கிய எச்-இசட் என்னும் நிரலின் சிந்தனையும் இருந்தது. குட்டன்பர்க் தம் 42 வரி விவிலியத்தின் ஓரங்களை அவ்வளவு சீராக நிறுத்தியது எவ்வாறு என்ற கேள்வி சாப்பை ஈர்த்தது. குட்டன்பர்க்கிடம் ஒரே எழுத்துக்குப் பல அகல வடிவங்களும், கூட்டெழுத்துகளும், சுருக்கக் குறிகளும் ஏராளமாக இருந்தன. சிறுகோடுகளை ஓரத்துக்கு வெளியே தொங்கவும் விட்டார். எழுத்தின் அகலத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கூட்டிக் குறைப்பதன் மூலம் கணினியிலும் அதையே அடையலாம் என்பது சாப்பின் கருத்து. வியட்நாமியரான ஹான் தே தான், செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் 2000இல் அளித்த ஆய்வேட்டின் வழியே, இவ்விரு நுட்பங்களையும், அதாவது எழுத்தை ஓரத்துக்கு வெளியே சற்றுத் துருத்தவிடுவதையும் எழுத்தகலத்தை மாற்றுவதையும், பிடிஎஃப்டெக் என்ற டெக்கின் வழித்தோன்றலில் சேர்த்தார். அகல மாற்றம் இயல்பாக இரண்டு விழுக்காட்டுக்குள் அடங்கும். அதற்குள்ளேயே பிரிந்த சொற்கள் பல சேர்ந்துகொள்ளும்.

இன்டிசைனா டெக்கா என்ற வழக்கு அக்கூடத்தில் தேநீர் வேளைகளில் ஓயாமல் நடந்தது. ஆங்கில உரைநடையில், நூலின் வழக்கமான அகலத்தில், இரண்டின் விளைவையும் வேறுபடுத்திக் காண்பது பயின்ற கண்ணுக்கே அரிது. இன்டிசைன் சொல்லிடைவெளிக்கு இயல்பாக 80 முதல் 133 விழுக்காடுவரை எல்லை வகுத்துக்கொண்டு, மிக இக்கட்டான நிலையில் அந்த எல்லையையும் மீறிவிடும். டெக் சுருக்கும் எல்லையை ஒருபோதும் மீறாது. பக்கம் இரு நெடுவரிசைகளாக அமையும் இதழில், கணிதக் குறியீடுகள் வரிக்குள் வரும்போது டெக் தெளிவாக மேலானது. படங்களைச் சுற்றி எழுத்து வளைந்தோடும் பக்கங்களில் இன்டிசைனே மேல். டெக்குக்கு அது கைவராத கலை. வரிவரியாக முறிக்கும் வேர்டை இவ்விரண்டுடன் ஒப்பிடுவதே நியாயமன்று. அது கடிதம் எழுதப் பிறந்தது. அதில் நூல் அமைப்பவர்களே குற்றவாளிகள். அண்மையில், 2023இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த டைப்ஸ்ட், இருபுறமும் நேர்செய்யச் சொன்னால் பத்தியை முழுமையாகப் பார்த்தே முறிக்கிறது. அதன் வேகத்தைக் காணும்போது, பத்தி முழுவதையும் பார்ப்பது காலம் பிடிக்கும் வேலை என்று முன்னாளில் சொல்லப்பட்ட சாக்கு இனிச் செல்லாது.

இத்தனை நுட்பங்களையும் அயலாரின் மொழிக்குச் செய்து கொடுத்த அதே கைகள், வீட்டுக்குச் செல்லும் வழியில் வாங்கிய தமிழ் இதழில் கண்டவை வேறாக இருந்தன. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை, மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை; ஏடு முடிந்த இடத்தில் வரி முடிந்தது, எழுத்து எதுவாயினும் அடுத்த வரிக்குச் சென்றது. அச்சு வந்தபின் சொல்லிடைவெளியும் வந்தது. ஆயினும் சொல்லை எவ்விடத்திலும் முறித்து, சிறுகோடு எதுவும் இடாமல் அடுத்த வரியில் தொடரும் பழக்கம் ஈயஎழுத்துக் காலம் முழுவதும் நீடித்தது. வாசகர் யாரும் தடுமாறியதாகத் தெரியவில்லை. அச்சுக்கோப்பாளர்களிடம் இருந்த விதிகள் சிலவே: புள்ளியெழுத்தில் வரியைத் தொடங்கலாகாது, கொம்பைத் தனியே விட்டு எழுத்தைக் கீழே இறக்கலாகாது, ஒற்றை எழுத்தைத் தனித்து நிறுத்துவதைத் தவிர்க்க வேண்டும். ‘பக்கம்’ என்ற சொல்லை ககர ஒற்றுக்குப் பின் முறிக்கலாம். அதற்கு முன் முறித்தால் மேசையிலிருந்து திட்டு விழும்.

இந்த எளிய மரபை மேசைப் பதிப்பு கெடுத்தது. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பரவிய பாமினி எழுத்துருவில் மெய்யின் புள்ளி ஆங்கில அரைப்புள்ளியின் இடத்தில் அமர்ந்திருந்தது. மென்பொருளின் கண்ணுக்கு அது தமிழே அன்று, பொருளற்ற ஆங்கிலம். சொல் பிரிப்பை இயக்கிவிட்டால், ஆங்கில விதிப்படி கண்ட இடத்தில் பிரித்துச் சிறுகோடும் இட்டுவைக்கும். கொம்பு தனி எழுத்தாக முன்னே நின்றதால், அது தன் மெய்யை விட்டுப் பிரிந்து வரியின் இறுதியில் அநாதையாக நிற்கவும் வாய்ப்பிருந்தது. இத்தொல்லைக்கு அஞ்சிய பக்க வடிவமைப்பாளர்கள் சொல் பிரிப்பை நிறுத்திவைத்தனர். எழுத்துருக்கள் மாறி ஒருங்குறி வந்தபின்னும் அந்தப் பொத்தானைப் பலர் மீண்டும் தொடவே இல்லை.

நிறுத்திவைத்ததன் விலை, ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குக் கூடுதல். வேற்றுமை உருபும் சாரியையும் துணைவினையும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்கள் செய்தித்தாளின் குறுகிய பத்தியில் வரிக்கு மூன்று கொள்வதே அரிது. மூன்று சொல்லுக்கு இடைவெளி இரண்டுதான். ஆறு மில்லிமீட்டர் எஞ்சினால் ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விரியும். அடுத்த வரியிலும் அவ்வாறே. பத்து இடைவெளிகள் பங்கிட்டுக்கொள்ளும் ஆங்கில வரிக்கு இந்த நெருக்கடி இல்லை. ஆகவே ஆங்கிலத்துக்குச் சொல் பிரிப்பு அழகு சேர்ப்பது என்றால், தமிழுக்கு அது அடிப்படைத் தேவை. எத்துணைச் சிறந்த வரி முறிப்பு முறையும், முறிக்க இடமே கொடுக்காவிட்டால், தேர்ந்தெடுக்க ஒன்றுமின்றி நிற்கும். இன்று அழகிய அட்டையும் உயர்ந்த தாளும் கொண்டு வெளிவரும் தமிழ் நூல்கள் பலவற்றில் வரிகள் ஓட்டைப் பல்லாய்க் காட்சியளிப்பதற்கு மென்பொருளைக் குறைசொல்வதில் பயனில்லை.

லியாங்கின் முறை தமிழுக்கு ஆங்கிலத்தைவிட எளிதாகப் பொருந்தும் என்பது இதில் வேடிக்கையான செய்தி. அகராதியிலிருந்து ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கற்க வேண்டியதில்லை. எழுத்தமைப்பே விதியைத் தந்துவிடுகிறது. உயிர்மெய்க்குப் பின் ஒற்றையெண், புள்ளியெழுத்துக்கு முன் அதைவிடப் பெரிய இரட்டையெண், அதற்குப் பின் மீண்டும் ஒற்றையெண் என்று வகுத்தால் பழைய அச்சுக்கோப்பாளரின் விதி எண்வடிவம் பெற்றுவிடும். கேரளத்தின் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் சந்தோஷ் தோட்டிங்கல், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றுக்குப் பிரிப்பு வடிவங்களை எழுதி அளித்தார். பிரிவிடத்தில் சிறுகோடு வேண்டாம் என்போர், டெக்கில் அக்கோட்டுக்குப் பதிலாக உருவமற்ற எழுத்தொன்றைக் குறித்துக்கொள்ளலாம். பழைய தமிழ் நூல்களின் தோற்றம் அப்படியே கிடைக்கும். ஜோனதன் கியூ 2004இல் வெளியிட்ட சீடெக் என்ற டெக்கின் வழித்தோன்றல் ஒருங்குறித் தமிழை நேராகவே ஏற்றது. அதில் எழுத்தகல மாற்றம் இயலாது. லுவாடெக் என்ற மற்றொரு வழித்தோன்றலில் அதுவும் இயலும். இன்டிசைனிலும் அனைத்துலக எழுத்துகளுக்கான பத்தி அமைப்பியைத் தேர்ந்தால்தான் எழுத்துகள் முறையாகக் கூடும்.

கைபேசித் திரை இக்கதையில் புதிய நெருக்கடி. அதன் அகலம் செய்தித்தாள் பத்தியைப் போலவே குறுகியது. உலாவிகளோ விரைவு கருதி வரிவரியாக முறிப்பவை. குரோம் 2023இல் கொண்டுவந்த ‘பிரிட்டி’ என்னும் அமைப்பு பத்தியின் கடைசிச் சில வரிகளை மட்டும் சீராக்கியது. ஆப்பிளின் சஃபாரி 2025இல் பத்தி முழுவதற்கும் அதனை விரித்தது. எல்லா உலாவிகளும் அவ்வழிக்கு வரும்வரை, தமிழ்த் தளங்கள் இருபுறமும் நேர்செய்யும் ஆசையைக் கைவிட்டு, வலப்புற ஓரத்தை ஏற்ற இறக்கமாகவே விட்டுவிடுவது வாசகருக்குச் செய்யும் உதவி. இருபுறமும் நேராக நின்றால்தான் ‘புத்தகம் போல’ இருக்கும் என்ற எண்ணம் ஈயஎழுத்துக் காலத்தின் மிச்சம். அக்காலத்தார் அதற்குக் கொடுத்த உழைப்பு மட்டும் இன்று மிஞ்சவில்லை.

தமிழ் நூல்களைப் பதிப்பிப்போர், எந்த மென்பொருள் உயர்ந்தது என்று விவாதிக்கும் முன், தம் கைவசமுள்ள மென்பொருளில் ஓர் அத்தியாயத்தை, சொல் பிரிப்பை நிறுத்தி ஒருமுறையும், மொழியைத் தமிழ் என்று குறித்துப் பிரிப்பை இயக்கி ஒருமுறையும் தாளில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கெனப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. தமிழ்ப் பிரிப்பு வடிவங்கள் டெக் லைவ் தொகுப்பிலேயே விலையின்றிக் கிடைக்கின்றன.